ஏறும்போது சரக்கு, இறங்கும்போது காலி: ஏற்காட்டுக் குப்பை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

சேலம் அடிவாரத்திலிருந்து காலையில் ஏற்காட்டுக்கு ஏறுகிற வண்டிகளைக் கவனியுங்கள். பால் வண்டி, காய்கறி வண்டி, கேஸ் சிலிண்டர் லாரி, கோழி வண்டி, சிப்ஸ் பிஸ்கட் ஏஜென்சி வேன், தண்ணீர் பாட்டில் பெட்டிகளை அடுக்கிய சின்ன யானை என்கிற குட்டி லாரி, கட்டட வேலைக்கு சிமென்டும் கம்பியும் ஏற்றிய லாரி. சரக்கை இறக்கிவிட்டு எல்லாம் கீழே திரும்பிவிடும், பெரும்பாலும் காலியாக. அதே மலையிலிருந்து குப்பையைக் கீழே கொண்டுபோகத் தனி வண்டி வேண்டும், அதற்கு டீசல் காசு வேண்டும், அது எப்போதும் பற்றாது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏற்காட்டுக் குப்பைப் பிரச்சினையில் பாதி விளங்கிவிடும். மீதிப் பாதி ஈரம். சாம்பாரும் தயிர்சாதமும் பாட்டிலோடும் பிளாஸ்டிக் உறையோடும் ஒரே பையில் விழுவதால் வருகிற ஈரம்.

இந்த ஆய்வு அந்த இரண்டைப் பற்றியது. விழிப்புணர்வுப் பலகை, உறுதிமொழி, கையெழுத்து இயக்கம் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. மலையில் பலகைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

மலையும் அதன் தண்ணீரும்

சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. ஏற்காடு ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,600 மீட்டரைத் தாண்டும். சேலத்திலிருந்து ஏறுவதற்கு முக்கியமான வழிகள் இரண்டு. கொண்டப்பநாயக்கன்பட்டி அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது ஒன்று. அயோத்தியாப்பட்டணம் பக்கமிருந்து குப்பனூர் வழியாகப் போவது இன்னொன்று. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது பலருக்கும் நினைவிருக்கும். பாதை மூடினால் பாலும் காய்கறியும் மேலே போகாது என்று செய்தியில் சொல்வார்கள். குப்பை கீழே இறங்காது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் மலையில் எந்தத் திட்டம் போட்டாலும் பாதை சில நாள் மூடிக்கிடக்கும் என்பதைச் சேர்த்தே போட வேண்டும்.

சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் கொண்டுவந்த காபிதான் மலையின் முகத்தை மாற்றியது. இன்றும் காபி, மிளகு, ஆரஞ்சு, நிழலுக்கு சில்வர் ஓக். எஸ்டேட்டுகளுக்கு இடையில் நாகலூர், மஞ்சக்குட்டை, வாழவந்தி, செம்மநத்தம், வேலூர் என்று ஊர்கள்; மலையாளிப் பழங்குடி மக்களின் கிராமங்கள். 2011 கணக்கெடுப்பின்படி தாலுகா முழுவதற்கும் சுமார் 40 ஆயிரம் பேர்தான். வார இறுதியில் வந்து போகிற கூட்டத்துக்கு அந்தக் கணக்கெடுப்பில் இடமில்லை. இது பின்னால் காசுப் பேச்சு வரும்போது பெரிய விஷயமாகும்.

மலையின் பாறை சார்னோகைட் என்ற கெட்டியான வகை. கெட்டிப் பாறை என்றால் தண்ணீர் உள்ளே போகாது என்று நினைக்கலாம். போகும், வெடிப்புகள் வழியாக. மேலே ஒரு பள்ளத்தில் குப்பையைக் கொட்டி வைத்தால் அதிலிருந்து வழிகிற கறுப்புத் தண்ணீர் மண்ணில் வடிகட்டப்படாமல் வெடிப்பில் இறங்கி, கீழே எங்கோ ஒரு ஊற்றில் வந்து நிற்கும். மலைக் கிராமங்கள் பலவற்றுக்கு ஊற்றுத் தண்ணீர்தான் குடிதண்ணீர். ஏற்காடு ஏரி நிரம்பி வழிந்தால் அது கிளியூர் அருவிக்குப் போகிறது. வாணியாறு தர்மபுரிப் பக்கம் இறங்குகிறது. திருமணிமுத்தாறு சேலம் நகரத்துக்குள் புகுந்து நாமக்கல் வழியாகக் காவிரியில் சேர்கிறது. கொண்டை ஊசி வளைவில் காரை நிறுத்தி, குரங்குக்குப் பொரி போட்டுவிட்டு, காலிப் பையைப் பள்ளத்தில் விட்டெறிகிறவர் சேலத்துக்காரராக இருந்தால், ஒரு நல்ல மழையில் அது அவர் ஊருக்கே வந்து சேர வாய்ப்புண்டு.

அப்புறம் விலங்குகள். எஸ்டேட்டுகளுக்குள் காட்டெருமைகள் திரிகின்றன. பாதை நெடுக குரங்குகள். உணவு வாசனை உள்ள எந்தத் தொட்டியும் இரண்டு நாளில் கவிழ்ந்துவிடும். சமவெளி நகரத்துக்கு வடிவமைத்த, கம்பத்தில் தொங்கி ஆடுகிற ஊஞ்சல் தொட்டியை மலையில் வைப்பது குரங்குக்குப் பந்தி வைப்பதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூட்டை

நாகலூர்ப் பக்கம் உள்ள ஒரு சிறிய தங்கும் விடுதி. பெயர் வேண்டாம். சில அறைகள், ஒரு சமையல்கட்டு, பின்னால் கொஞ்சம் காபித் தோட்டம். ஞாயிற்றுக்கிழமை மதியம் அறைகள் காலியான பிறகு, கறுப்புப் பைகளைப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் தரையில் கொட்டிப் பிரித்தார்கள். விடுதியை நடத்துகிற இளைஞரும், அங்கே வேலை செய்கிற மலைக்கிராமத்து அக்கா ஒருவரும்.

வந்தவை: பாதி தண்ணீரோடு மூடி இறுக்கிய ஒரு லிட்டர் பாட்டில்கள். நூல் சுற்றிய சாம்பார் பொட்டலங்கள், சில உடைந்து. உள்ளே வெள்ளிப் பூச்சுள்ள பரோட்டா பார்சல் உறை. வேகவைத்த சோளத்தின் தக்கை. ஷாம்பு பாக்கெட். ஈரத் துடைப்பான், அதாவது வெட் வைப்ஸ். பார்க்கத் துணி மாதிரி இருக்கும், பெரும்பாலும் பிளாஸ்டிக் இழை கலந்தது. குழந்தைகளின் டயப்பர். பிறந்தநாள் கொண்டாடிய தெர்மோகோல் எழுத்துகள், வெடித்த பலூன். பீர் பாட்டில்கள். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதத் தட்டுகள், அவற்றில் ஒட்டிக் காய்ந்த சட்னி.

"இதுல எதெல்லாம் கடைக்குப் போகும்க்கா?"

"காஞ்சதா இருந்தா பாதி போகும் தம்பி. இப்படி சாம்பார் பட்டுட்டா எடுக்க மாட்டாங்க. கழுவ இங்க தண்ணிக்கு எங்க போறது?"

இந்தப் பதிலுக்குள் மொத்த நிலைமையும் இருக்கிறது. காயலான் கடைக்காரர் காய்ந்த பாட்டிலை வாங்குவார், அட்டையை வாங்குவார், அலுமினிய கேனை ஓடிவந்து வாங்குவார். சட்னி பட்ட அட்டை அவருக்கு வேண்டாம். அதே அட்டை, அதே பிளாஸ்டிக். காலையில் சரக்கு, மாலையில் குப்பை. மாற்றியது ஒரு கரண்டி சாம்பார்.

எடையையும் பார்க்கலாம். சமைத்த உணவு மிச்சத்திலும் காய்கறிக் கழிவிலும் எடையில் 70 முதல் 80 விழுக்காடு வரை தண்ணீர்தான். கலந்த குப்பையை லாரியில் ஏற்றி 20 வளைவுகள் இறக்குகிறோம் என்றால், பெரும்பங்கு தண்ணீரைத்தான் டீசல் போட்டு இறக்குகிறோம். பாட்டிலின் கதை நேர் எதிர். ஒரு லிட்டர் பாட்டில் காலியாக 20 முதல் 25 கிராம். ஒரு கிலோ சேர 40, 50 பாட்டில் வேண்டும். முக்கால் டன் தாங்கும் சின்ன யானையில் நசுக்காத பாட்டில்களைக் கூம்பாக அள்ளிப் போட்டாலும் ஒன்றரைக் குவிண்டால் தேறினால் அதிகம். மிச்சமெல்லாம் காற்று. ஆக, ஒரு வண்டி தண்ணீரைச் சுமக்கிறது, இன்னொரு வண்டி காற்றைச் சுமக்கிறது.

விதி சொல்வது

2016-ஆம் ஆண்டு வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளில் (2026-ல் அவற்றின் இடத்தில் புதிய விதிகள் வந்துவிட்டன) மலைப்பகுதிக்கென்றே தனிப் பகுதி இருந்தது. அது சொன்னது இது: மலை மேல் குப்பை நிரப்பு நிலம் அமைப்பதைத் தவிர்க்க வேண்டும். பதப்படுத்தியது போக எஞ்சியதை மூடிய இடமாற்று நிலையத்தில் சேர்த்து, மலையடிவாரச் சமவெளியில் 25 கிலோமீட்டருக்குள் உள்ள நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மட்கும் குப்பையை மேலேயே ஆங்காங்கே சிறு அளவில் பதப்படுத்த இடம் ஒதுக்க வேண்டும். சுற்றுலாப் பயணிகளிடம் நுழைவிடத்திலேயே குப்பைக் கட்டணம் வாங்கலாம். விடுதிகள் மூலமாகவும் அவர்களுக்கு விதிகளைத் தெரிவிக்க வேண்டும்.

நல்ல விதி. மலையைத் தெரிந்தவர் யாரோ எழுதியிருக்கிறார். சிக்கல், கீழே 25 கிலோமீட்டருக்குள் யாருடைய ஊர் இருக்கிறது என்பதில். சேலம் மாநகராட்சியின் குப்பை போகிற செட்டிச்சாவடி மலையடிவாரத்துப் பக்கம்தான். அங்கே இருப்பவர்கள் ஏற்கெனவே ஒரு நகரத்தின் குப்பையைத் தாங்குகிறார்கள். மேலே இருந்து வருவதையும் வாங்கிக்கொள் என்று அவர்களிடம் சொல்ல நியாயம் வேண்டும். கீழே இறங்குவது காய்ந்ததாகவும், கொஞ்சமாகவும், வேறு எதற்கும் ஆகாத எச்சமாகவும் மட்டுமே இருந்தால்தான் அந்தப் பேச்சையே தொடங்க முடியும். கலந்து நாறுகிற லாரியை அனுப்பிவிட்டு ஒத்துழைப்புக் கேட்பது நடக்காது.

விடுதியில் எது வேலை செய்தது, எது செய்யவில்லை

அந்த விடுதியில் முதலில் வைத்தது பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று நிறத் தொட்டிகள், ஒவ்வொரு அறை வாசலிலும். பார்க்க அழகு. பலன் பூஜ்யம். சனிக்கிழமை இரவு தங்கி ஞாயிற்றுக்கிழமை போகிறவருக்கு நிறம் பார்த்துக் குப்பை போடும் பொறுமை கிடையாது. இதில் அவரைத் திட்டி லாபமில்லை. வாராவாரம் புது ஆள் வருவார். அவருக்கு வாராவாரம் முதலிலிருந்து பாடம் எடுக்க முடியாது.

மாற்றிய பிறகு அறைக்குள் ஒரே ஒரு சின்னக் கூடை, குளியலறையில் மூடியுள்ள இன்னொன்று. வராந்தாவில் சாப்பாட்டு மிச்சத்துக்கு மட்டும் ஒரு மூடி வாளி, பக்கத்தில் கைகழுவ இடம். பார்சல் வாங்கி வருகிறவர்களுக்கு எவர்சில்வர் தட்டு கொடுத்தார்கள். தட்டில் சாப்பிட்டால் மிச்சத்தைத் தட்டிலிருந்து வாளியில் தள்ளுவது இயல்பாக நடந்துவிடுகிறது. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அறையைச் சுத்தம் செய்கிறவர், பையைக் கட்டுவதற்கு முன், அங்கேயே பிரித்துவிடுகிறார். பாட்டிலில் மிச்சத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றி, மிதித்து நசுக்கி, மூடியைத் திரும்பப் போட்டு, உரச்சாக்கில் போடுகிறார். பையைக் கட்டி ஒரு நாள் வைத்துவிட்டால் இந்த வேலையைச் செய்ய யாருக்கும் மனசு வராது, நியாயமும் இல்லை.

இதை நிலைக்க வைத்தது ஒரு சின்ன முடிவு. சாக்கு விற்ற காசு விடுதிக்கு வேண்டாம், பிரிக்கிறவர்களுக்கே என்றார் உரிமையாளர். தொகை பெரிதில்லை. ஆனால் அதற்குப் பிறகு சாக்கில் சாம்பார் படவில்லை.

குடிதண்ணீருக்கு 20 லிட்டர் கேனும் அறைக்கு ஒரு ஜக்கும் வைத்ததில் பாட்டில் குறைந்தது. அடியோடு நிற்கவில்லை, காரிலேயே ஒரு பெட்டி தண்ணீரோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

வேலை செய்யாதது சாண எரிவாயு மாதிரியான உணவுக்கழிவு எரிவாயுக் கலன். சேலத்தில் ஒரு ஓட்டலில் நன்றாக ஓடுவதைப் பார்த்து வாங்கியது. கலனுக்குள் இருக்கிற நுண்ணுயிர்களுக்கு 35 டிகிரி சுற்றி இருந்தால் வேலை ஓடும். 20-க்குக் கீழே போனால் மந்தமாகிவிடும். மார்கழி, தை மாதங்களில் ஏற்காட்டு இரவு 13, 14 டிகிரிக்குப் போகும். அடுப்பு எரியவில்லை, கலன் புளித்து நாறியது. கீழே ஓடுகிற இயந்திரத்தை அப்படியே மேலே ஏற்றினால் ஓடாது என்பதற்கு மலைகளில் இதைவிட விலையுயர்ந்த சாட்சிகளும் துருப்பிடித்து நிற்கின்றன.

மலைக்கு ஏற்ற உரக்குவியல்

குளிரில் எரிவாயு ஓடாவிட்டாலும் உரக்குவியல் ஓடும், ஏனென்றால் அது தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் குவியல் சின்னதாக இருக்கக் கூடாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டராவது இருந்தால்தான் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடு ஏறி நிற்கும். அந்தச் சூட்டில்தான் புழுவும் களைவிதையும் நோய்க்கிருமியும் சாகும். வீட்டுக்கு ஒரு மண்பானை உரம் என்ற நகரத்து யோசனை மலையில் குளிர்ந்துபோய் நாறுவதற்குக் காரணம் இதுதான். பத்துப் பதினைந்து வீடு, இரண்டு மூன்று விடுதி சேர்ந்து ஒரு குவியல் என்பதுதான் சரியான அளவு.

உணவு மிச்சத்தில் ஈரமும் நைட்ரஜனும் அதிகம். அதைச் சமன் செய்யக் காய்ந்த கார்பன் சரக்கு வேண்டும். நகரத்தில் இதற்கு மரத்தூளை விலைக்கு வாங்குகிறார்கள். ஏற்காட்டில் சில்வர் ஓக் சருகு கால் புதையக் கிடக்கிறது. ஒரு வாளி உணவு மிச்சத்துக்கு இரண்டு மூன்று வாளி சருகு, அடுக்கடுக்காக. சில்வர் ஓக் இலை லேசில் மட்காது; கத்தியால் கொத்திப் போட்டால் சீக்கிரம் ஆகும், அப்படியே போட்டால் கூடுதல் காலம் காத்திருக்க வேண்டும். அவசரமில்லாதவர் காத்திருக்கலாம், சருகுக்கு வாடகையா கொடுக்கிறோம்.

காபி அறுவடைக் காலத்தில் இன்னொரு சரக்கும் சேரும். பழத்தைச் சதை நீக்கும் பல்ப்பர் எந்திரத்தில் போட்டுக் கொட்டையைப் பிரித்தெடுத்தால், பழத்தின் எடையில் 40 விழுக்காடு சுற்றிச் சதையும் தோலுமாக வெளியே வருகிறது. குவித்து வைத்தால் புளித்து, மழையில் ஓடையில் இறங்கி, தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். எஸ்டேட்டுகள் காலங்காலமாக இதை மட்கவைத்துக் காபிச் செடிக்கே போடுவது உண்டு. ஊர்க்குப்பை உரத்தையும் எஸ்டேட் உரத்தையும் தனித்தனி உலகமாகப் பார்ப்பதுதான் வீண். உரக்குவியல் போடத் தெரிந்த கைகள் எஸ்டேட்டில் இருக்கின்றன, சருகு அங்கே இருக்கிறது, உரம் வாங்கப்போகிறவரும் அவரேதான். ஊராட்சியிடம் இருப்பது உணவு மிச்சம் மட்டும்.

இரண்டு நிபந்தனை. கூரை கட்டாயம், ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிற இடத்தில் திறந்த குவியல் கஞ்சியாகிவிடும். சுவரும் கட்டாயம்; கம்பிவலை குரங்குக்கு ஏணி, காட்டெருமைக்கு ஒரு பொருட்டே இல்லை. இடுப்புயரக் கருங்கல் சுவரும் அதற்கு மேல் வலையும் கதவும். எண்ணெய், உப்பு அதிகமுள்ள ஓட்டல் குழம்பை வடித்துவிட்டுத்தான் போட வேண்டும்.

இறங்குகிற வண்டியில் ஏற்றுவது

ஈரம் மேலேயே தங்கிவிட்டால் காய்ந்த சரக்கு நாறாது. நாறாத சரக்கை அடுத்தவர் வண்டியில் ஏற்றலாம். தொடக்கத்தில் சொன்ன காலி வண்டிகள் இங்கேதான் வருகின்றன.

எல்லா வண்டியும் ஆகாது. பால் வண்டி, காய்கறி வண்டி, கோழி வண்டி ஆகியவற்றில் குப்பையை ஏற்றக் கூடாது, ஏற்றச் சொல்லவும் கூடாது. கேஸ் லாரிக்குப் பாதுகாப்புக் கட்டுப்பாடு இருக்கிறது. மிஞ்சுவது சிமென்ட், கம்பி, செங்கல் ஏற்றி வருகிற லாரிகளும் ஏஜென்சி வேன்களும். லாரி டிரைவர் எப்படியும் கீழே போகிறார். அவர் கேட்பது இரண்டே விஷயம்: காத்திருக்க வைக்காதே, வண்டியை நாறடிக்காதே. ஆகவே சரக்கு முன்கூட்டியே கட்டுக்கட்டாகத் தயாராக இருக்க வேண்டும். சரக்கை அழுத்திக் கட்டுகிற பேலிங் மெஷின் ஒன்று, ஒரு எடைத் தராசு, கூரையுள்ள ஒரு கொட்டகை, லாரி திரும்ப இடம். ஊர் நடுவில் ஒண்டிக்கடை ரவுண்டானாப் பக்கம் இதற்கு இடமே கிடையாது; வார இறுதியில் மனிதர் நடக்கவே இடமில்லை. ஊருக்கு வெளியே, பாதையோரமாக இருக்க வேண்டும். கட்டுக்கு இவ்வளவு என்று டிரைவர் கையில் அங்கேயே காசு. பில், வவுச்சர், அடுத்த மாதம் வந்து வாங்கிக்கொள் என்றால் ஒருவரும் நிற்க மாட்டார்.

அழுத்திக் கட்டிய பாட்டில், நசுக்காததைவிடப் பல மடங்கு எடையை அதே இடத்தில் அடைக்கும். அட்டையும் அப்படியே. இவை தங்கள் வழிச்செலவைத் தாங்களே கொடுத்துக்கொள்ளும்.

சிப்ஸ் உறை, ஷாம்பு பாக்கெட் போன்ற பல அடுக்குப் பிளாஸ்டிக் கொடுத்துக்கொள்ளாது. அதை யாரும் வாங்குவதில்லை. அதற்கு உள்ள ஒரு வழி சிமென்ட் சூளை. சுமார் 1,400 டிகிரி வெப்பத்தில் நிலக்கரிக்குப் பதிலாக எரிப்பது. சேலம் மாவட்டத்திலேயே சங்ககிரியில் சிமென்ட் ஆலை உண்டு, அரியலூர்ப் பக்கம் பல உண்டு. பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் வகை கலந்தால் குளோரின் வரும் என்பதால் ஆலைகள் ஏற்காது; அதனால் பிரித்துத்தான் அனுப்ப வேண்டும். இன்னொரு வழி, மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் உருவாக்கிய பிளாஸ்டிக் தார்ச்சாலை முறை. இதற்காக 2018-ல் பத்மஸ்ரீ பெற்றவர். துருவிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லி மேல் தூவினால் அது உருகிப் பூச்சாக ஒட்டிக்கொள்ளும், அப்புறம் தார் சேர்ப்பார்கள். தண்ணீர் புகுவது குறைவதால் மழைப் பிரதேசச் சாலைக்கு நல்லது என்பார்கள். மக்காத குப்பையில் மலையை விட்டு இறங்காமலேயே பயன்படக்கூடிய வகை இது ஒன்றுதான். சாலை தேய்ந்தால் அந்தத் துகள் எங்கே போகும் என்ற கேள்வியும் நியாயமானதே. இருந்தாலும் பள்ளத்தில் எரிப்பதற்கும் இதற்கும் நடுவில் தேர்வு என்றால் நான் சாலையைத்தான் சொல்வேன்.

கண்ணாடிதான் தலைவலி. கனம் அதிகம், விலை சொற்பம், உடைந்தால் ஆபத்து. அதற்கு வேறு வைத்தியம்.

பாட்டிலுக்குப் பத்து ரூபாய்

நீலகிரியில் காட்டுக்குள் வீசிய மதுப்பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழித்ததை ஒட்டி சென்னை உயர் நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. அதன் தொடர்ச்சியாக 2022 மே மாதம் அங்கே டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் கொடுத்துவிடும் திட்டம் வந்தது. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன. பிறகு மற்ற இடங்களுக்கும் போனது. குடித்தவரே திருப்பித் தர வேண்டும் என்பதில்லை என்பதுதான் இதன் அழகு. அவர் வீசினாலும் வேறொருவர் பத்து ரூபாய்க்காகப் பொறுக்கிக் கொண்டுவருவார். கடை ஊழியர்களுக்கு வேலைச்சுமை, ஸ்டிக்கர் ஒட்டும் தொல்லை, வைக்க இடமில்லை என்ற புலம்பல் எல்லாம் உண்மை. ஆனாலும் தடை, அபராதம், அறிவுரை மூன்றும் சாதிக்காததை ஒரு பத்து ரூபாய் சாதித்தது.

தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம். தண்ணீர் பாட்டில் அந்த 14-ல் இல்லை. சிக்கிமின் லாச்சென் போன்ற இமயமலைக் கிராமம் பாட்டில் தண்ணீரையே விலக்கிக் காட்டியிருக்கிறது. ஏற்காட்டில் அடிவாரச் சோதனைச்சாவடியில் காரை நிறுத்திப் பாட்டிலைப் பிடுங்கலாமே என்று கேட்பார்கள். வண்டிக்கு ஒரு நிமிடம் என்றால் மணிக்கு ஒரு வரிசையில் 60 வண்டி. சனிக்கிழமை காலையில் வரிசை சேலம் நகரத்து அஸ்தம்பட்டி வரை நிற்கும். அதைவிட மலைமேல் விற்கும் தண்ணீர், குளிர்பான பாட்டிலுக்கும் வைப்புத்தொகை வைத்து, படகு இல்லத்திலும் பக்கோடா பாயிண்டிலும் லேடீஸ் சீட்டிலும் திரும்ப வாங்கும் இடம் வைப்பதே சுலபம். பஜ்ஜிக் கடைக்காரர்களே அதை வாங்கிக்கொள்ளலாம், பாட்டிலுக்கு ஒரு ரூபாய் கமிஷனில்.

யார் காசு

ஏற்காட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில் குப்பை அள்ளுகிற வேலை ஊராட்சியின் தூய்மைக் காவலர்களுடையது. மாநில அளவில் 150 வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கு. சமவெளிக் கிராமத்தில் 150 வீடு இரண்டு தெருவில் முடிந்துவிடும். மலையில் 150 வீடு என்றால் மூன்று குன்று, இரண்டு ஓடை. மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்த ஏற்றத்தில் போகச் சொல்வது, சொல்கிறவர் ஒருநாள் தள்ளிப் பார்க்காததால் வருவது. மேலும் கணக்கில் வீடு வருகிறது, விடுதி அறை வருவதில்லை. நிதியும் பெரிதும் மக்கள்தொகையை வைத்தே ஊராட்சிக்கு வருகிறது. குப்பையைப் போடுகிறவர் பெங்களூரிலும் சென்னையிலும் கணக்கெடுக்கப்பட்டவர்.

உற்பத்தியாளர் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதே? இருக்கிறது. 2022 பிப்ரவரியில் வந்த திருத்தத்தின்படி, பிளாஸ்டிக் உறையில் பொருள் விற்கிற நிறுவனங்கள் அதற்கு ஈடான பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்ததற்குச் சான்று காட்ட வேண்டும். சான்றை விலைக்கும் வாங்கலாம். அது எந்த ஊர்ப் பிளாஸ்டிக் என்று யாரும் கேட்பதில்லை. நகரத்துக் குடோனில் டன் கணக்கில் மலிவாகக் கிடைக்கும்போது, சேர்வராயன் மலையிலிருந்து ஷாம்பு பாக்கெட்டை இறக்க எந்த நிறுவனம் வரும்? மலைப்பகுதியில் சேகரித்த எடைக்குக் கூடுதல் மதிப்பு என்று ஒரு வரி சேர்த்தால் கதை மாறும். இதை மலை மாவட்டங்கள் சேர்ந்து கேட்டால்தான் நடக்கும்.

கேரளத்தில் ஹரித கர்ம சேனை என்ற பெண்கள் குழுவினர் வீடு வீடாகப் போய்க் காய்ந்த குப்பையை மட்டும் வாங்குகிறார்கள், மாதக் கட்டணத்தோடு. சத்தீஸ்கரின் அம்பிகாபூரில் சுயஉதவிக் குழுப் பெண்களே பிரிப்பு நிலையங்களை நடத்தி ஊரின் குப்பைமேட்டை ஒழித்தார்கள். ஏற்காட்டிலும் குழுக்கள் இருக்கின்றன. விடுதிகளிடம் அறைக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம், பிரிக்காமல் கொடுத்தால் இரட்டிப்பு. நுழைவிடத்தில் விதி அனுமதிக்கிற கட்டணம். முக்கிய வழிகள் இரண்டே என்பதால் வாங்குவது கடினமில்லை. வாங்கிய காசு பொதுக் கணக்கில் கரையாமல் தனிக் கணக்கில் நின்று, அந்த மாதம் எத்தனை கட்டு இறங்கியது என்று கொட்டகைச் சுவரில் எழுதிப்போட்டால் கொடுக்கிறவருக்கும் வயிறு எரியாது.

எதுவும் ஆகாமல் நிற்பவை

மே மாதக் கோடை விழா ஒரு தனிக் கணக்கு. அப்போது உரக்குவியலும் தாங்காது, கொட்டகையும் தாங்காது. அந்த நாட்களுக்கு மட்டும் ஈரக்குப்பையையும் கீழே இறக்கியே ஆக வேண்டும். தெர்மோகோலுக்கு வழியில்லை, விடுதிகள் அலங்காரத்துக்குத் துணித் தோரணம் வைத்துக்கொண்டு வாடகைக்கு விடுவதுதான் இப்போதைக்கு.

டயப்பரும் சானிட்டரி நாப்கினும்தான் உண்மையில் மாட்டிக்கொள்வது. மட்காது, விற்காது, ஈரமாகக் கனக்கும். சிறிய எரிகலன் வைத்தால் போதும் என்று விற்பனைக்காரர்கள் வருவார்கள். போதிய சூடு ஏறாத எரிகலன், பனி இறங்கிக் காற்று அசையாத மலைப்பள்ளத்தில் நச்சுப்புகையை ஊர் மேலேயே படுக்கவைக்கும். கீழே மருத்துவக் கழிவைக் கையாளும் தரமுள்ள ஆலைக்குத்தான் போக வேண்டும், அதற்குக் காலி லாரி ஆகாது. மூடிய பெட்டியுள்ள தனி வண்டி, வாரத்துக்கு ஒருமுறையாவது, எடைக்குக் காசு கொடுத்து. அந்தக் காசை அறை வாடகையோடு சேர்ப்பதா, நுழைவுக் கட்டணத்தில் எடுப்பதா என்று விடுதிக்காரர்களுக்குள் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. வாடகை என்றால் பக்கத்து விடுதிக்காரர் சேர்க்காமல் மலிவாகக் காட்டிவிடுவார் என்பது ஒரு கட்சி. குழந்தை இல்லாமல் பைக்கில் வருகிற பையன் ஏன் டயப்பருக்குக் கட்ட வேண்டும் என்பது இன்னொரு கட்சி. நான் நுழைவுக் கட்டணத்தின் பக்கம்.